மன்னார் வீதியும் சைக்கிள் பொதியும்

யாழ்ப்பாணத்திலிருந்து மன்னாருக்குச் செல்லும் வழிகளுள் துவிச்சக்கர வண்டிப் பிரயாணிக்கு மிகவும் உகந்தது ஏ-32 எனப்படும் வீதியாகும். நாவற்குழியிலே கண்டி வீதியை விட்டுப் பிரிந்து, தனங்கிளப்பைத் தாண்டி, கடலேரியைச் சங்குப்பிட்டிப் பாலத்தாற் கடந்து, பூநகரி, முழங்காவில், வெள்ளாங்குளம், இலுப்பைக்கடவை, விடத்தல்தீவு என்னும் ஊர்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தொட்டுக்கொண்டு அது மன்னார்ப் பக்கம் போய்ச் சேருகின்றது. நூறு கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட தூரம். ஏற்றம் என்று சொல்லத்தக்கது எங்கும் இல்லை. கண்டி வீதியின் லொறி ஆரவாரமும் இங்கே குறைவு. ஒருபுறம் பற்றைக்காடும் வயலும். மறுபுறம், பல இடங்களிற் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் காற்றில் உப்பாக வந்து தன்னை அறிவிக்கும் கடல்.

சென்ற மாசி மாதத்திலே எங்கள் கல்லூரியின் உயர்தர வகுப்பு மாணவர் நால்வரோடு இவ்வழியால் இரண்டு நாட் பிரயாணமாகத் திருக்கேதீச்சரத்துக்கும் மன்னாருக்கும் போனேன். போய் வந்தபின் வழியைப் பற்றி விசாரித்த பெற்றோரும் மாணவரும் பலர். வழியில் ஒரு சிரமமும் இல்லை. சிரமம் முழுவதும் புறப்படுவதற்கு முதல்நாள் மாலை, எங்கள் வீட்டு முற்றத்திலே, மூட்டைகளின் உருவில் வந்து நின்றது. ஆகவே மூட்டைகளைப் பற்றியே முதலிற் சொல்லுகிறேன்.

நால்வரும் நான்கு விதமாக வந்தனர். ஒருவனுக்குக் கனடாவிலிருக்கும் மாமா அனுப்பிய முதுகுப்பை. பத்துப் பன்னிரண்டு பட்டிகளும் கொக்கிகளும் உள்ளது. அதைக் கண்டு மற்றவர்கள் பொறாமைப்பட்டதில் வியப்பில்லை. இரண்டாமவன் பிரயாணப் பெட்டியொன்றைக் கரியரின் மேல் நிமிர்த்திக் கட்டியிருந்தான். மூன்றாமவனுடையது கியர்கள் பொருந்திய மலையேறும் சைக்கிள், கரியரே இல்லாதது. அவன் காண்டிலின் இரு கைகளிலும் இரண்டு பொலித்தீன் பைகளைத் தொங்கவிட்டிருந்தான். நான்காமவன் தந்தையார் மீன் விற்கும் சைக்கிளையே கொண்டுவந்தான். தடித்த இரும்புக் கரியர், இரட்டைக் கம்பி முட்டு, பழைய ரியூப்பை நீளமாக அரிந்த கறுப்பு வார்கள். அவனது சாமான் முழுவதும் ஓர் உரப்பைக்குள் அடங்கியிருந்தது. மற்றவர்களின் பைகளைப் பார்த்து அவன் சற்று ஒதுங்கி நின்றதை நான் கவனித்தேன்.

பக்கத்து அரிசிக் கடைத் தராசிலே நான்கையும் நிறுத்தோம். பெட்டி 16 கிலோ, முதுகுப்பை 13, பொலித்தீன் பைகள் இரண்டும் சேர்ந்து 9, உரப்பை 6 கிலோவுக்கும் குறைவு. ஒரே வழி, ஒரே இரண்டு நாள், ஒரே வயது! பிரயாணத்துக்கு எதில் வைத்துக் கொண்டுபோவது என்ற கேள்வியை எல்லாரும் கேட்கின்றனர். எதைக் கொண்டுபோவது என்ற கேள்வி அதற்குள்ளேயே இருக்கின்றது. பெரிய பையை வாங்கினால் அதை நிரப்பாமல் விட மனித மனம் இணங்காது.

இனி, பாரத்தை எங்கே ஏற்றுவது என்று பார்ப்போம். ஓடுகிறவன் முதுகு ஓர் இடம். வண்டி மற்றோர் இடம். ஒரு மணி நேரப் பாடசாலைப் பயணத்துக்கு முதுகுப்பை மிக்க வசதியானது என்பதை நான் மறுக்கவில்லை. நாள் முழுவதும் மிதிக்கும்போது நிலைமை மாறுகிறது. நடப்பவனின் முதுகிலுள்ள சுமை அவன் இடுப்பினூடாகவும் கால்களினூடாகவும் நிலத்துக்கு இறங்கும். சைக்கிளிலே குனிந்திருப்பவனின் முதுகுச் சுமையோ தோள்களையும் கழுத்தையும் உள்ளங்கைகளையும் அழுத்தும்; எஞ்சியது இருக்கையின் வழியாக அமரும் இடத்தை வருத்தும். எங்கள் வெயிலில் முதுகு காற்றுப் படாமல் வெந்துபோவது இன்னொரு துன்பம். அன்றியும், பாரம் உயரே இருப்பதால் வண்டி சாயும்போதெல்லாம் ஓட்டுபவனையும் சேர்த்து இழுக்கும். கனடாப் பைக்காரனுக்கு இதையெல்லாம் எடுத்துச் சொன்னேன். “எனக்குப் பழக்கம் சேர்” என்றான். பதினெட்டு வயதிலே தோளைப் பற்றித் தோளே சொன்னாலொழிய நம்பிக்கை வராது. அவன் விருப்பப்படியே விட்டேன்.

பெட்டிக்காரனிடம் அவ்வாறு விட முடியவில்லை, அது ஆபத்து. கரியரின் மேல் உயரமாக அடுக்கிய பாரம் தராசு முள்ளைப்போல ஆடும். இறங்கி வண்டியை நிறுத்தும்போது சரிந்து விழும். அப்பாரம் பிற்சில்லின் அச்சுக்கும் பின்னே தள்ளியிருந்தால் முற்சில்லு நிலத்தில் ஊன்றி நில்லாது. பிற்சில்லே பெரும்பாரத்தைத் தாங்குகின்றது என்பது பழைய இங்கிலாந்துச் சைக்கிள் செய்தவர்களுக்கு நன்கு தெரியும். அவர்கள் முற்சில்லுக்கு 32 கம்பிகளும் பிற்சில்லுக்கு 40 கம்பிகளும் கோத்தமைக்குக் காரணம் அதுவே. ஆகவே பின்னால் ஏற்றுவது சரிதான்; தாழ ஏற்ற வேண்டும், அச்சுக்கு நேராக ஏற்ற வேண்டும், இருபுறமும் ஒத்த நிறையாக ஏற்ற வேண்டும்.

இந்த இருபுறப் பையை மேனாட்டார் புதிதாகக் கண்டுபிடித்தார்கள் என்று மாணவர் எண்ணுகின்றனர். எங்கள் மொழியிலே பொதி என்ற சொல்லே அதற்காகத்தான் இருக்கின்றது. மாட்டின் மேலும் கழுதையின் மேலும் இருபுறம் தொங்கும்படி பாரம் இட்டு, காட்டு வழியால் வாணிகச் சாத்து நடத்தியவர்கள் நம் முன்னோர். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படையிலே, இரண்டு பக்கமும் ஒத்த பாரமாக மிளகுப் பொதி சுமந்து வரும் கழுதைக் கூட்டத்தைப் புலவர் காட்டுகின்றார். அவற்றின் முதுகில் ஏறியிருந்த தழும்பையும் அவர் காணத் தவறவில்லை. உயர்தர வகுப்பிலே இதைப் படிப்பிக்கும்போது நித்திரை கொண்ட ஒருவன், சைக்கிள் முற்றத்தில் நிற்கையிற் சொன்னபோது கண்ணை அகல விழித்துக் கேட்டான்.

கடைகளிலே நீர் புகாத பக்கப்பைகள் இப்போது விலைக்குக் கிடைக்கின்றன. நல்லவைதான், எனினும் ஒரு மாணவனுக்கு அவ்விலை பெரிது. தையற்காரரிடம் தடித்த கன்வஸ் துணியைக் கொடுத்து இரண்டு பைகளையும், அவற்றை இணைத்துக் கரியரின் மேற் படுக்கும் அகன்ற பட்டியொன்றையும் தைப்பித்தோம். துணி போதாத இடத்தில் உரப்பை கைகொடுத்தது. மூன்று விடயங்களிலே கவனம் வேண்டும். பையின் உட்புறத்தில் மெல்லிய பலகைத் துண்டொன்று இல்லாவிட்டால் அது வளைந்து சில்லுக் கம்பிகளுக்குள் புகுந்துவிடும். பையை மிகவும் முன்னுக்குத் தள்ளிக் கட்டினால் மிதிக்கும்போது குதிக்கால் ஒவ்வொரு சுற்றிலும் அதிலே இடிக்கும். பழைய பாணிச் சைக்கிள்களின் பின்புறம் நீண்டிருப்பதால் அவற்றில் இவ்விடர் குறைவு. பையின் அடிப்பக்கத்தை அச்சுக்கருகில் ஒரு வாரினால் இழுத்துக் கட்டாவிட்டால் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் அது பறவைச் சிறகு போல எழுந்து அடிக்கும்.

கரியர் இல்லாத சைக்கிளுக்கு என்ன செய்வது? இருக்கையின் கீழ் வால் போல நீளும் பை, காண்டிலில் உருட்டிக் கட்டும் பை, சட்டத்தின் முக்கோணத்துக்குள் அடங்கும் பை என்று இக்காலத்தில் வேறொரு முறை வந்திருக்கிறது. கரடுமுரடான ஒற்றையடிப் பாதையில் ஓடுவோருக்கு அது பொருந்தும். கொள்ளளவு மிகக் குறைவு. எங்கள் மூன்றாமவனுக்குத் துணியையும் பாயையும் உருட்டிக் காண்டிலின் நடுவிலே கட்டினோம். எஞ்சியதை மற்ற நால்வரும் பகிர்ந்துகொண்டோம். காண்டிலின் கைகளிலே பைகளைத் தொங்கவிடுவதை மட்டும் எந்தப் பெற்றோரும் அநுமதிக்கலாகாது. ஊஞ்சலாடும் பை முற்சில்லைத் திருப்பும். கம்பிக்குள் அகப்பட்டால் ஓட்டுபவன் தலைகீழாக விழுவான். பின்னால் இழுத்துச் செல்லும் சிறு வண்டில்களும் உண்டு. குழந்தையை ஏற்றிச் செல்வோருக்கு அவை பயன்படலாம். இரண்டு நாட் பயணத்துக்கு அவற்றை நான் சிபார்சு செய்யமாட்டேன்.

கட்டும் வித்தையை எங்களுக்குக் கற்பித்தவர் நான்காமவனின் தந்தையார். மகனைக் கூட்டிச் செல்ல வந்தவர், நாங்கள் நைலோன் கயிற்றோடு போராடுவதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பின்னர், “மாஸ்ரர், கட்டுறது பெரிய வேலை இல்லை. ஆடாமற் கட்டுறதுதான் வேலை” என்று சொல்லிக் கயிற்றை வாங்கி அப்பால் எறிந்தார். “அண்ணை, அப்ப எதாலை கட்டுறது?” என்று கேட்டேன். ரியூப் வாரொன்றை எடுத்து, கரியரின் மூலையில் முடிந்து, முழு நீளத்துக்கும் இழுத்து, குறுக்கே போட்டு, மறு மூலையிற் செருகினார். கயிறு ஒரு முறை தளர்ந்தால் தளர்ந்ததுதான். ரப்பரோ பாரம் அமரும்போது தானும் சேர்ந்து இறுகும். முப்பது ஆண்டுகளாகக் கடற்கரையிலிருந்து ஐஸ் இட்ட மீன் பெட்டியை விடியற்காலையில் ஊர் ஊராகக் கொண்டுபோனவரின் கைவேகம் அது. மறுநாள் மன்னார் வரையில் அவர் போட்ட கட்டு ஒன்றுகூட அவிழவில்லை. மகன் அன்றிரவு மற்ற மூவருக்கும் வார் அரிந்து கொடுத்தான். அவன் ஒதுங்கி நின்றதை அதன்பின் நான் காணவில்லை.

விடியுமுன் புறப்பட்டோம். எந்தக் கட்டும் முதலாவது மணி நேரத்திலேயே தன் குறையைக் காட்டும். ஆதலால் அந்த நேரம் கழிந்ததும் ஓரிடத்தில் இறங்கி எல்லா வார்களையும் தொட்டுப் பார்ப்பது நல்ல வழக்கம். நாங்கள் இறங்கிய இடம் நாவற்குழிப் பாலம்.

அந்தப் பாலத்தில் நின்று சைக்கிள் கட்டைச் சரிபார்ப்பது என் வயதினருக்குச் சாதாரண காரியமன்று. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு, கொட்டும் மழையிலே வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சியை நோக்கி இவ்வழியாற்றான் நகர்ந்தனர். எனக்கு அப்போது பதினைந்து வயது. வீட்டிலே ஒரே ஒரு சைக்கிள். ஐயா தகரப் பெட்டியைக் கரியரில் ஏற்றினார். அம்மாவின் கூறைச்சேலை, குடும்பப் படங்கள், காணி உறுதிகள் யாவும் அதற்குள் இருந்தன. அரிசி மூட்டையைப் பாரிலே வைத்தார். அப்பாச்சியைப் பெட்டியின் பின்னால் அமர்த்தப் பார்த்தபோது முற்சில்லு நிலத்தை விட்டு எழுந்தது. ஐயா ஒரு கணம் நின்றார். பின்பு பெட்டியை இறக்கித் திறந்து, உறுதிகளை மட்டும் எடுத்து அரிசி மூட்டைக்குள் செருகி, பெட்டியை விறாந்தையில் வைத்துவிட்டு, அப்பாச்சியைக் கரியரில் ஏற்றிச் சேலைத் தலைப்பால் இருக்கையோடு கட்டினார். நான் பின்னால் பிடித்துத் தள்ளினேன். இந்தப் பாலத்தைக் கடக்க எங்களுக்கு இரவின் பெரும்பகுதி சென்றது. ஊருக்குத் திரும்பியபோது பெட்டி இருக்கவில்லை.

மாணவர்களுக்கு இதை இவ்வளவில் சொன்னேன். “படங்கள் எல்லாம் போட்டுதோ சேர்?” என்று ஒருவன் கேட்டான். எல்லாம் போயிற்று என்றேன். அப்பாச்சி அதன்பின் ஒன்பது ஆண்டுகள் இருந்தார் என்றும் சொன்னேன். வார்கள் இறுக்கமாகவே இருந்தன, வண்டிகளில் ஏறினோம்.

கேரதீவில் வீதி கடலேரியை அடைகின்றது. முன்னாளிலே இங்கு பாதையில் ஏறி, அதாவது வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றும் மிதவையில் ஏறி, அக்கரை சேர்ந்தார்கள். 2011 சனவரியிலே 288 மீற்றர் நீளமான சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டது. அதன் நடுவில் நின்றால் இருபுறமும் நீரும் வானுமாகவே காணப்படும். காற்றும் தடையின்றி வரும். மாசியில் வாடைக் காற்றுத் தணிந்துபோகும். வைகாசி தொடக்கம் புரட்டாதி வரையில் வீசும் சோளகக் காலமாயிருந்தால் தெற்கு நோக்கி மிதிப்போர் அதை முகத்திலேயே வாங்க வேண்டும். மன்னார்த் தீவின் தென்கரையில் பெரிய காற்றாலைகளை நிறுத்தியிருப்பது சும்மாவன்று. அகன்ற பக்கப்பை காற்றுக்குப் பாய்மரம்; நான்கு பைகள் தொங்கவிட்டவன் தோணி ஓட்டுபவன் போலத் தெருவின் குறுக்கே தள்ளப்படுவான். பை சிறிதாயிருக்க வேண்டும் என்பதற்கு நிறை மாத்திரமன்றி இதுவும் ஒரு காரணம்.

கனடாப் பைக்காரன் பாலத்திலே இறங்கினான். ஒன்றும் பேசாமல் பையைக் கழற்றினான். சட்டையின் முதுகு முழுவதும் நனைந்து உப்புப் பூத்திருந்தது. பட்டிகளை உள்ளே மடித்து, பையைக் கரியரிலே படுக்க வைத்து, மீன்காரர் மகன் கொடுத்த வார்களால் இருவருமாகக் கட்டினார்கள். நாங்கள் மூவரும் பூநாரைகளைப் பார்ப்பது போலத் திரும்பி நின்றோம்.

பூநகரி நெல்லுக்கும் மொட்டைக்கறுப்பன் அரிசிக்கும் பேர்போன ஊர். பறங்கியர் காலத்துக் கோட்டையின் சிதைவொன்றும் அங்குண்டு. குடிநீர் மட்டும் இலேசில் அகப்படாது. பல கிணறுகள் உவர். ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணீர் கொண்டுபோனோம். ஒரு லீற்றர் ஒரு கிலோ நிறை என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். சாமான்களுள் மிகப் பாரமானது நீர்தான். ஆகவே மிகச் சிறந்த இடத்தை அதற்கே கொடுக்க வேண்டும். சட்டத்தின் முக்கோணத்துள், இரண்டு சில்லுகளுக்கும் நடுவே, தாழ்வாகப் போத்தல்களைக் கட்டினால் அவை இருப்பதே தெரியாது.

முழங்காவிலிலே தெரிந்த ஆசிரியர் ஒருவர் வீட்டு விறாந்தையில் இராத் தங்கினோம். உணவுக்குப்பின் ஒவ்வொருவரும் அன்று பையிலிருந்து எடுக்காத பொருள்களை வெளியே வைக்கும்படி சொன்னேன். இரண்டாவது சப்பாத்துச் சோடி, தடித்த சம்மர் போர்வை, மூன்று நீளக் காற்சட்டை, பரீட்சைக் கைந்நூல் ஒன்று, தலைமயிருக்குப் பூசும் களிம்பு என்று ஒரு சிறு கடையே உண்டாயிற்று. மாறாக, எல்லாரும் எடுத்துப் பயன்படுத்தியது சாரம். குளிக்க அது, உடைமாற்ற மறைப்பும் அது, இரவிற் போர்வையும் அது, சுருட்டினால் தலையணை, வெயிலில் தலைப்பாகை. சாரத்துக்கு இணையான பிரயாணச் சாமான் உலகில் வேறு இருப்பதாக நான் நம்பவில்லை. அதனோடு ஒரு துவாய், மாற்றுடை ஒரு சோடி, மழைக்கு ஒரு தறப்பாள் துண்டு, ரியூப் ஒட்டும் சாமான், காற்றுப் பம்ப், கைப்பேசிக்கு மின்னேற்றும் கருவி, மருந்து; இவ்வளவே போதும். உடைகளைப் பொலித்தீன் பையிற் சுற்றி உள்ளே வைத்தால் எந்த மழைக்கும் அஞ்ச வேண்டியதில்லை.

அவ்விரவு அவர்களுக்கு இரண்டு சைக்கிட் கதைகள் சொன்னேன். ஒன்று தோமஸ் ஸ்ரீவன்ஸ் என்பாரது. 1884 ஏப்பிரிலிலே சான்பிரான்சிஸ்கோவிலிருந்து, முற்சில்லு ஆளுயரத்தை நெருங்கும் அக்காலச் சைக்கிளிற் புறப்பட்டு, 1886 டிசம்பரில் யப்பானின் யோக்கஹாமாவை அடைந்து, உலகைச் சைக்கிளிற் சுற்றிய முதல் மனிதர் எனப் பெயர் பெற்றவர். அவர் புறப்பட்டபோது கொண்டுசென்றவை காலுறை, மாற்றுச் சட்டை ஒன்று, கூடாரமாகவும் படுக்கையாகவும் உதவிய மழையங்கி, ஒரு கைத்துப்பாக்கி. “சாரம் இல்லையோ சேர்?” என்றான் பெட்டிக்காரன். மற்றது வியற்நாம் கதை. 1954இலே தியன் பியன் பூ யுத்தத்துக்கு மலைவழியே அரிசியும் வெடிமருந்தும் போனவற்றில் ஒரு பங்கு சைக்கிள்களிலே. காண்டிலுக்கு ஒரு நீண்ட தடி, இருக்கைத் தண்டுக்கு ஒரு தடி கட்டி, சட்டத்தின் இருபுறமும் தாழப் பொதியிட்டு, இருநூறு கிலோவுக்கும் மேற்பட்ட பாரத்தை ஒரு சைக்கிளில் வைத்து ஆட்கள் தள்ளிச் சென்றனர். ஏறி ஓட்டவில்லை, தள்ளினர். நாவற்குழியில் நாங்கள் செய்தது போல என்று மீன்காரர் மகன் மெல்லச் சொன்னான்.

இரண்டாம் நாள் வழி எனக்கு மிகவும் பிடித்தமானது. வெள்ளாங்குளத்துக்கு அப்பால் காடு நெருங்கி வந்து, பாலியாற்றைக் கடந்ததும் மீண்டும் விலகுகின்றது. இலுப்பைக்கடவையில் தேநீர். விடத்தல்தீவிலே கடல் மணம். அங்கிருந்து மாந்தை வரையில் வயல்வெளி. ஒரு காலத்தில் மாதோட்டம் என்ற பெயரோடு கீழ்த்திசைக் கப்பல்களும் மேற்றிசைக் கப்பல்களும் வந்து பொருள் மாறிய பெருந்துறை இது என்பதை, புல் மேய்ந்துகொண்டிருந்த மாடுகளைக் கண்டு ஊகிக்க முடியாது. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரத்திலே பாலாவியில் நீராடி வணங்கி, மதியம் அன்னதான மடத்தில் உண்டோம். பைகள் தண்ணீர் தீர்ந்து இலேசாகியிருந்தன. மன்னாருக்குப் போகும் தாம்போதியிலே பையன்கள் பந்தயம் ஓடினார்கள். பெட்டிக்காரன் பக்கப்பைகளோடும் இரண்டாவதாக வந்தான். பரவைக் கடலில் பூநாரைகள் நின்றன. இம்முறை உண்மையாகவே பார்த்தோம்.

பள்ளிமுனைப் பெருக்க மரத்தைக் காணாமல் மன்னாரை விட்டுத் திரும்புவார் இல்லை. சுற்றளவு 19 மீற்றருக்கு மேற்பட்ட அதன் அடியை நால்வரும் கைகோத்து அணைக்க முயன்று, பாதியளவும் எட்டாமல் கைவிட்டனர். அதனருகே சைக்கிள்களைச் சாத்தி வைத்திருந்தோம். மன்னார்த் தெருக்களிலே கழுதைகள் திரிவதை வாசகர் அறிவர். முன்னாளிலே அராபிய வணிகர் கொண்டுவந்தவை என்று சொல்லப்படும் அக்கழுதைகளுக்கு இப்போது பொதி சுமக்கும் தொழில் இல்லை. நகரத்துப் பெரியவர்கள் போல ஓய்வாக உலாவுகின்றன. அவற்றுள் ஒன்று வந்து, என் சைக்கிளின் இரண்டு பக்கப்பைகளையும் மாறிமாறி நெடுநேரம் மோந்து பார்த்தது. பின் இடப்பக்கப் பையின் மூடியை மூக்கால் நிமிர்த்தி, நாங்கள் திரும்பும் வழிக்கென்று வைத்திருந்த கதலிப்பழங்களைத் தோலோடு தின்னத் தொடங்கியது. துரத்துவதற்குள் ஆறு பழங்கள் தீர்ந்துவிட்டன. இடப்பக்கம் இலேசாகிவிட்டதால், வலப்பக்கத்திலிருந்து ஒரு போத்தலை எடுத்து அதற்குள் வைத்துக் கட்டினோம்.